அவர் பேசும் பெட்டி

அந்தக் கணினியை என் வீட்டுக்காரர் கொழும்பிலிருந்து கொண்டுவந்து இறக்கிய நாளிலிருந்து எனக்கும் அதற்கும் ஒத்துவந்ததில்லை. அவர் வேலை பார்த்த கந்தோரில் புது இயந்திரங்கள் வாங்கியபோது, பழையவற்றை ஊழியர்களே எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். மற்றவர்கள் கதிரை, இரும்பு அலுமாரி என்று வீட்டுக்கு உதவுகிற சாமானாகப் பார்த்து எடுத்தார்கள். இவர் இந்தப் பெட்டியை எடுத்தார். ஓய்வுபெற்று ஊர்காவற்றுறைக்கு வந்தபோது திரையையும் விசைப்பலகையையும் லொறியில் ஏற்றிவிட்டு, பெட்டியை மட்டும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பெற்ற பிள்ளையைக்கூட நீங்கள் இப்படி மடியில் வைத்திருந்ததில்லை என்று வாசலிலேயே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் அதை வைக்க இடம் தேடினார்.

யன்னலோரம் மேசை போட்டு அதில் வைத்தார். யன்னலைத் திறந்தால் கடல். உப்புக்காற்றில் எங்கள் வீட்டுப் பூட்டும் பிணைச்சலும் துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தன. அந்தப் பெட்டிக்கு மட்டும் ஒன்றும் வராது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு, மூடியைத் திறந்து, பெயின்ற் அடிக்கிற தூரிகையால் உள்ளே ஒவ்வொரு வயராகத் துடைப்பார். என் சக்களத்திக்குக் குளிப்பாட்டு நடக்கிறது என்று நான் குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டே சத்தமாகச் சொல்வேன். அவருக்கு அது கேட்கும். தூரிகை நிற்காது.

உண்மையைச் சொன்னால், கரையில் உள்ளவர்களுக்கு அந்தப் பெட்டி நிறைய உதவியது. அறுந்துபோன வலைக்கு நட்டஈடு கேட்டுக் கடிதம், படகுப் பதிவு, கோயிலில் பிள்ளைகளின் முதல் நன்மைக்கு அழைப்பு, மரண அறிவித்தல், எது வேண்டுமென்றாலும் ஆட்கள் ஈரச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் விறாந்தைக்குத்தான் வருவார்கள். தமிழில் அடிப்பதற்குக் கந்தோரில் பாவித்த பழைய முறை ஒன்று அதற்குள் இருந்தது. எழுத்துகள் பழைய தட்டச்சு இயந்திரத்தின் ஒழுங்கில் இருக்கும். விசைகளின் மேல் இருந்த எழுத்துகள் எப்போதோ அழிந்துவிட்டன, அவர் பார்க்காமலே அடிப்பார். வந்தவர் திட்டித் திட்டிச் சொல்ல, இவர் அடிக்க, அந்தக் கோபமெல்லாம் அரசாங்கத்துக்குப் போகிற மரியாதையான கடிதமாக வெளியே வரும்.

பிறகு அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. கால் ஓரளவு திரும்பியது. கை திரும்பவில்லை, பேச்சும் திரும்பவில்லை. அறிவுக்கு ஒன்றும் ஆகவில்லை, சொல்லெல்லாம் உள்ளே அப்படியே இருக்கிறது, நாக்குத்தான் சொன்னபடி கேட்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் வைத்தியர் எனக்கு விளங்கப்படுத்தினார். எனக்கு விளங்கியது. பார்க்க வந்தவர்களுக்கு விளங்கவில்லை. அவரை முன்னால் வைத்துக்கொண்டே ஆளை மட்டுக்கட்டுகிறாரா, அடையாளம் தெரிகிறதா, சாப்பிடுகிறாரா என்று என்னிடம் கேட்டார்கள். சிலர் அவருடைய காதுக்குக் கிட்டப் போய்க் கத்தினார்கள். அவர் வாயைத் திறந்தால் எல்லாச் சொல்லும் ஒரே சத்தமாக வரும். அந்தச் சத்தம் அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆட்கள் வந்தால் வாயை இறுக்கி மூடிக்கொள்வார்.

பெட்டி அந்த நாட்களில் துவாய் போர்த்துக் கிடந்தது. ஒரு பின்னேரம் நான் கிணற்றடியில் நிற்க, உள்ளேயிருந்து அது விழித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. கையில் வாளியோடு ஓடினேன். மனிதர் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து மேசைக்கு முன்னால் இருக்கிறார். இடது கையின் ஒரு விரல் ஒவ்வொரு விசையாகத் தேடாமல் போய் அமர்ந்தது. திரையில் எழுதியிருந்தது: “மீன் குழம்புக்கு ரெண்டு நாளாப் புளி காணாது.”

கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டே சண்டையும் பிடித்தேன். புளி காணும், போட்டது போதும் என்றேன். காணாது என்று அவர் மறுபடியும் அடித்தார். ஆஸ்பத்திரியால் வந்தபின் நாங்கள் இருவரும் பிடித்த முதல் சண்டை அது. அன்று இரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் பேச்சு அப்படித்தான் நடந்தது. நான் வாயால் கேட்பேன், அவர் விரலால் பதில் சொல்வார். ஊருக்குக் கடிதம் எழுதிய காலத்தில் இலக்கணம் பிசகாமல் அடித்த மனிதர், எனக்கு அடிக்கும்போது பேசுகிறபடியே அடிப்பார். வாயால் சொன்ன காலத்தில் என்னை நீர் என்று அழைத்தவர், திரையிலும் நீர் என்றே அழைத்தார். அந்த ஒரு எழுத்துக்கும் ஒற்றுக்கும் அவருக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். வெளிநாட்டில் இருக்கும் மகள் புதிய லப்ரொப் ஒன்று அனுப்பினாள். அதன் விசைகள் தட்டையாக, வழுக்குகிற மாதிரி இருந்தன. இவருடைய விரல் ஒன்றைத் தொட்டால் மூன்று எழுத்து விழும். எழுத்தின் ஒழுங்கும் வேறு. இரண்டு நாள் முயன்றுவிட்டு மூடியைச் சாத்தி என் பக்கம் தள்ளினார். பேனையை இடது கையில் பிடித்து எழுதியும் பார்த்தார், அவரே வாசிக்க முடியவில்லை. பழைய பெட்டியின் பெரிய விசைகள் டக் டக் என்று அமுங்கும்போது மட்டும் அவருடைய கைக்கு நம்பிக்கை வரும். அந்தப் பெட்டிதான் அவருக்கு வாய்.

அப்படிப்பட்ட பெட்டி, கறண்ட் நின்று நின்று வந்த ஒரு காலையில் டப் என்று வெடித்தது. றப்பர் எரிந்த மணம் அறை முழுவதும் பரவியது. அவர் அப்போது பாதிச் சொல்லில் நின்றார். திரையில் அந்தப் பாதியும் போய்விட்டது. நான் வயரைப் பிடுங்கிவிட்டு, துவாயால் புகையை விசிறி, எதுவும் நடக்காததுபோலத் தேத்தண்ணி வைக்கப் போனேன்.

சந்தியில் போன் திருத்துகிற கடைக்காரர் வந்து பார்த்தார். பவர் சப்ளை போய்விட்டது என்றார். வீட்டுக் கறண்டை வாங்கி, அதைப் பன்னிரண்டு வோல்ற்றாகவும் ஐந்து வோல்ற்றாகவும் குறைத்து உள்ளே கொடுக்கிற இரும்புப் பெட்டி அது. மற்றதெல்லாம் உயிரோடுதான் இருக்கும், இது மாதிரி இன்னொன்று கிடைத்தால் சரி என்று சொல்லி, அதைக் கழற்றி என் கையில் தந்தார். செங்கல் மாதிரிக் கனத்தது. கொத்தாக வயர்கள் தொங்கின. துவாயில் சுற்றி, சந்தைக்குக் கொண்டுபோகிற பைக்குள் வைத்தேன்.

அந்தப் பையோடு நான் யாழ்ப்பாணத்துக்குப் போகத் தொடங்கினேன். வேலணை தாண்டி, மண்டைதீவுச் சந்தி தாண்டி, பண்ணைப் பாலத்தில் பஸ் ஏறும்போதெல்லாம் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். பக்கத்தில் இருந்த ஒரு பெண் பைக்குள் எட்டிப் பார்த்து, இது என்ன என்று கேட்டாள். என் வீட்டுக்காரரின் தொண்டை என்று சொல்லிவிட்டேன். அவள் இறங்கும்வரை என்னோடு கதைக்கவில்லை.

நகரத்தில் கணினிக் கடைகளுக்குக் குறைவில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் எல்லோரும் மரியாதையாகத்தான் கேட்டார்கள். பையைத் திறந்ததும் முகம் மாறும். ஒருவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார், கிணறு வெட்டும்போது கிடைத்த பானை மாதிரி. இன்னொரு கடையில் கழுத்துப்பட்டி கட்டிய பிள்ளையொன்று இதை நூதனசாலைக்குப் பழம்பொருளாகக் கொடுக்கலாம் என்றது. எனக்குச் சுள்ளென்று ஏறியது.

“அவரையும் சேத்தோ?” என்று கேட்டேன்.

அந்தப் பிள்ளைக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரியாது. பாவம், என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தது. வெளியே வந்து நிழலில் நின்றபோது எனக்கே கவலையாக இருந்தது. ஆனால் திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்கிற அளவுக்குக் கவலை இல்லை.

ஒரு கடைக்காரர் மட்டும் திறந்து பார்க்கச் சம்மதித்தார். சில நாள் கழித்துப் போனபோது, உள்ளே சுருள் எரிந்துவிட்டது, அந்தச் சாமான் இப்போது எங்கும் வராது என்றார். இப்போதைய பவர் சப்ளை ஒன்றின் தலையை வெட்டி இதற்குக் கொழுவிப் பார்க்கலாம், ஆனால் முழுக் கணினியையும் கடையில் விட்டுவிட்டுப் போக வேண்டும், எரிந்தால் தன்னைக் குறை சொல்லக்கூடாது என்றார். நேர்மையான மனிதர். இருந்தாலும் எனக்கு மனம் வரவில்லை. செத்த பெட்டியை மறுபடி துவாயில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அவர் மெல்ல மெல்ல ஒடுங்கிக்கொண்டிருந்தார். முதல் கிழமையில் சைகையால் சொன்னார், நான் பிழையாக விளங்கிக்கொண்டால் கோபித்தார். தண்ணீரைக் கேட்க நான் விசிறியைப் போட்டேன் என்று கரண்டியை எறிந்தார். அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது, ஆள் இருக்கிறார் என்று தெரிந்தது. பிறகு கோபமும் நின்றது. நான் என்ன கேட்டாலும் தலையாட்டினார். இடியப்பமா என்றால் ஓம், பாணா என்றாலும் ஓம். ஒரு காலை நான் வேண்டுமென்றே இன்றைக்குச் சாப்பாடே இல்லை என்றேன். அதற்கும் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குப் பயம் வந்தது. நாக்கு கேட்காவிட்டாலும் சொல் உள்ளே இருக்கிறது என்று வைத்தியர் சொன்னார்தான். சொல்ல ஆசையில்லாத மனிதருக்குள் அது எத்தனை நாள் இருக்கும் என்று அவர் சொல்லவில்லை.

அந்த நாட்களில்தான் படகு வயரிங் செய்கிறவர் வீட்டுக்கு வந்தார். துறையில் எஞ்சின் திருத்துவார், படகுகளுக்கு விளக்கும் மீன் பார்க்கிற கருவியும் பொருத்துவார். அவருடைய பதிவு விடயமாக முன்பு எங்கள் வீட்டில்தான் கடிதம் அடித்தது. நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலத்தில், சின்ன வயதில் என்னிடம் படித்தவர். கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் கேள்வியை வாசித்து முடிக்க முன்னம் விடையை எழுதிவிடுகிற பிள்ளை. அந்தப் பழக்கத்துக்காக நான் அவருடைய காதைத் திருகியிருக்கிறேன். இப்போது காதோரம் நரைத்துவிட்டது.

அவர் நெத்தலிக் கருவாடு கொண்டுவந்திருந்தார். என் வீட்டுக்காரரைக் காட்டி, அண்ணைக்கு எப்படி என்று கேட்டார். நான் பெட்டியின் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே போய்ப் பெட்டியின் வயிற்றைப் பார்த்தார், செத்த பவர் சப்ளையையும் புரட்டிப் பார்த்தார்.

“ரீச்சர், கடலிலை எங்களுக்கு ஆர் கறண்ட் தாறது? எல்லாம் பற்றறிதான். பன்ரண்டு பற்றறியிலை கிடக்கு. அதை அஞ்சாக்கிறதுக்கு ஒரு சின்னப் பெட்டி படகுக்கே போடுறனாங்கள். அதிலை பெரிசாப் பாத்து ஒண்டு எடுத்தால் உது ஓடும்.”

நான் அவரையே பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் இத்தனை கண்ணாடிக் கதவைத் தள்ளிய எனக்கு, வீட்டு யன்னலால் பார்த்தால் தெரிகிற படகுகள் நினைவுக்கு வரவில்லை. செத்த பெட்டியிலிருந்து வயர்களை மட்டும் வெட்டி எடுத்தால் கணினியில் பூட்டுகிற தலை மாறாது, மறுமுனையைப் பற்றறிக்குக் கொடுத்தால் சரி என்று அவர் விளக்கினார். கறண்ட் வரும்போது பற்றறி சார்ஜ் ஆகும், கறண்ட் எப்படித் துள்ளினாலும் கணினிக்குத் தெரியாது. அறைக்குள் கதிரையில் இருந்த என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்ததே எனக்குப் பெரிய காரியமாகப் பட்டது.

அடுத்த கிழமை ஒரு பின்னேரம், படகுகள் கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்துப் படகுக்காரர் வந்தார். தோளில் படகுப் பற்றறி, பையில் குறைக்கிற பெட்டி, வாயில் வெற்றிலை. மேசையை முன்னுக்கு இழுத்தோம். என் வீட்டுக்காரரின் கதிரையை அதற்குப் பக்கத்தில் போட்டேன். வயர்களை வெட்டியபோது அவர் முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும் என்று விட்டேன்.

வயர்கள் வெளியே வந்ததும் பல நிறமாகக் கிடந்தன. சிவப்பு, மஞ்சள், கறுப்பு, இடையில் ஒரு செம்மஞ்சள், ஒரு நீலம், ஒரு வெள்ளை. செத்த பெட்டியின் பக்கத்தில் எந்த நிறத்துக்கு எவ்வளவு என்று அச்சடித்த தாள் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தது. அவர் துடைக்காமல் விட்ட காலத்தில் உப்பு அதைத் தின்று எழுத்தையெல்லாம் அழித்துவிட்டது. படகுக்காரருக்கு அந்தத் தாள் தேவைப்படவுமில்லை. சிவப்பு என்றால் பற்றறியின் பிளஸ், கறுப்பு மைனஸ். எங்கள் கரையில் எந்தப் படகைத் திறந்தாலும் அதுதான். பற்றறியிலிருந்து நேரே வருகிற முழுப் பன்னிரண்டும் சிவப்பில் போகும், குறைத்த ஐந்துக்கு அவர் தன் படகுகளில் மஞ்சள் வயர் போடுவார். ஆகவே சிவப்பைப் பற்றறிக்கென்றும் மஞ்சளைச் சின்னப் பெட்டிக்கென்றும் பிரித்து முறுக்கத் தொடங்கினார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தெரியாத ஒன்றைத்தான் ஆட்கள் தேடிப் பார்ப்பார்கள். சிவப்பு எது என்று எங்கள் ஊரில் எவரும் தேடிப் பார்ப்பதில்லை.

என் வீட்டுக்காரர் சத்தம் போட்டார். அந்த ஒரே சத்தம்தான். அண்ணைக்குச் சந்தோசம் என்று படகுக்காரர் சிரித்தார். கொஞ்சம் பொறுங்கோ, இப்ப வந்துவிடும் என்று நானும் சொன்னேன். அவர் மறுபடி சத்தம் போட்டார். கழுத்து நரம்பு புடைத்தது. படகுக்காரர் சிவப்பு முனையைக் கவ்வியில் வைத்துப் பற்றறிக்குக் கொண்டுபோனார். அப்போது என் வீட்டுக்காரர் கதிரையிலிருந்து முன்னால் விழுகிற மாதிரிச் சாய்ந்து, இடது கையைப் பற்றறியின் மேல் விரித்து வைத்துவிட்டார்.

படகுக்காரர் கையை இழுத்துக்கொண்டார். நான் என் வீட்டுக்காரரைப் பிடித்து நிமிர்த்தப் போனேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். சிவப்பு வயரைப் பிடித்தார், சின்னப் பெட்டியைத் தொட்டார். மஞ்சளைப் பிடித்தார், பற்றறியைத் தொட்டார். செம்மஞ்சளை எடுத்துச் சிவப்போடு சேர்த்துப் பிடித்தார். நீலத்தையும் வெள்ளையையும் மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார். பிறகு முதலிலிருந்து எல்லாவற்றையும் அதே ஒழுங்கில் இன்னொரு முறை செய்தார். மூச்சு வாங்கியது.

படகுக்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. ஆளைத் தெரிகிறதா என்று கேட்டவர்கள் எல்லோரும் பார்த்த பார்வைதான்.

“அண்ணை மாறிச் சொல்லுறார் போலை, ரீச்சர். சிவப்பை அஞ்சுக்குக் குடுக்கிறதை நான் ஒரு இடத்திலையும் காணேல்லை. பிழைச்சால் பிறகு ஒண்டும் செய்ய ஏலாது.”

பிழைத்தால் ஒன்றும் செய்ய முடியாதுதான். பவர் சப்ளை செத்தால் வேறொன்று தேடலாம், உள்ளே இருக்கிற பலகை எரிந்தால் எல்லாம் முடிந்தது. ஒரு பக்கம், இந்தக் கரையில் எத்தனையோ படகுக்கு வயர் பூட்டிய கை. மறுபக்கம், நோயில் விழுந்த ஒரு மனிதரின் இடது கை. அவருடைய முகத்தைப் பார்த்தேன். கெஞ்சுகிற முகமாக இருந்திருந்தால் நான் தடுமாறியிருப்பேன். ஆனால் அது, புளி காணாது என்று இரண்டாம் முறை அடித்தபோது இருந்த முகம். அப்பட்டமான பிடிவாதம். ஞாயிற்றுக்கிழமைகளில் தூரிகையோடு அந்த வயர்களைத் துடைத்தவர் அவர். கந்தோரில் இதே பெட்டியைத் திருத்த ஆள் வந்தபோதெல்லாம் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் போய் நின்றவரும் அவர்தான். அவரிடம் ஒரு சொல் கேட்க வேண்டும் என்று அதுவரை எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

“தம்பி, அவர் காட்டினபடி கொழுவும்,” என்றேன்.

“ரீச்சர், எரிஞ்சால்?”

“எரிஞ்சால் எரியட்டும். அது அவற்றை பெட்டி. அவர் சொல்லுறார்.”

படகுக்காரர் முறுக்கியவற்றை அவிழ்த்தார். சிவப்பையும் செம்மஞ்சளையும் சேர்த்துச் சின்னப் பெட்டிக்குக் கொடுத்தார். மஞ்சளைப் பற்றறிக்குக் கொடுத்தார். ஒவ்வொன்றைக் கொழுவியதும் அண்ணை சரியோ என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். என்னைக் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றுக்கும் பார்த்து, விரலால் தட்டிப் பார்த்து, அதன்பிறகுதான் தலையாட்டினார். திரையை வழக்கம்போலச் சுவர்க் கறண்டில் பூட்டினோம். படகில் புது எஞ்சினைத் தொடக்கும்போது செய்கிற மாதிரி, படகுக்காரர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு சுவிச்சைத் தட்டினார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்தேன். பிறகு உள்ளே ஏதோ சுழலத் தொடங்கியது. மெல்லிய இரைச்சல் கூடிக்கொண்டே வந்து, பீப் என்று ஒரு சத்தம். திரையில் எழுத்துகள் வரிசையாக ஏறின. புகை இல்லை, மணம் இல்லை. படகுக்காரர் வெற்றிலையைத் துப்ப மறந்து வாயைத் திறந்துகொண்டு நின்றார். பிறகு என் வீட்டுக்காரரின் தோளைப் பிடித்து, சிவப்பு வயரைப் பார்த்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். மற்ற வழியில் கொழுவியிருந்தால் இந்நேரம் உள்ளே எல்லாம் கருகியிருக்கும் என்று அவர் சொன்னார். கேள்வியை முதலில் வாசிக்கச் சொல்லி அப்பவே சொன்னனான் என்று சொல்ல எனக்கு நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. அன்றைக்கு என்னால் யாரையும் ஏசவே முடியாது.

நான் விசைப்பலகையை அவருடைய இடது கைக்குக் கிட்டத் தள்ளி வைத்தேன். பழைய தமிழ் முறை திறந்தது. வெறுந்திரையில் ஒரு கோடு மட்டும் மின்னி மின்னி நின்றது. நாங்கள் இருவரும் பின்னால் நின்றோம். அவர் உடனே அடிக்கவில்லை. விரலை விசைகளின் மேல் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார். அத்தனை கிழமைகளில் மறந்துவிட்டாரோ என்று எனக்குப் பயம் வந்தது. பிறகு டக் என்று முதல் விசை அமுங்கியது.

“இரும்.”

படகுக்காரருக்குத்தான் சொல்கிறார், தேத்தண்ணி குடிக்காமல் போக வேண்டாம் என்கிறார் என்று நினைத்துக்கொண்டு குசினிக்குத் திரும்பினேன். அவர் கையால் மேசையில் அடித்தார். திரும்பிப் பார்த்தேன். விரல் மறுபடி போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு எழுத்தாக வந்தது. நான் வாசித்துக்கொண்டே நின்றேன்.

“உம்மைத்தான். ரெண்டு காலும் வீங்கிப்போய்க் கிடக்கு. ஒருத்தரும் உமக்குச் சொல்லேல்லையோ.”

குனிந்து பார்த்தேன். கணுக்கால் இரண்டும் தெரியாமல் வீங்கியிருந்தன. செருப்பின் வார் பதிந்த இடம் பள்ளமாகக் கிடந்தது. எனக்குத் தெரியாது. அவர் விழுந்த நாளிலிருந்து வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவரைப் பற்றித்தான் கேட்டார்கள், நானும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் நின்றதையும் கடை கடையாக நடந்ததையும் என் கால்கள் எனக்குச் சொல்லவில்லை, அல்லது நான் கேட்கவில்லை. அவர் கண்டிருக்கிறார். கண்டுகொண்டு, சொல்ல வாயில்லாமல், நான் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குப் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

படகுக்காரர் சத்தமில்லாமல் விறாந்தைக்குப் போய்விட்டார். நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு மேசையடியில் என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் இருந்தேன். அழுகை வந்தது, மறைக்கவில்லை. அவர் தன் நல்ல காலால் மேசைக்கடியில் இருந்த முக்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக என் பக்கம் தள்ளினார். நான் கால்களைத் தூக்கி அதன்மேல் வைத்தேன்.